பச்சைக் கோடு

மார்கழி மாதம் விடியற்காலை நாலு மணிக்கு விடுதியைவிட்டு இறங்கி நடப்பேன். தலையில் மஃப்ளர், கையில் ஒரு ஃபிளாஸ்க். முதல் நாலைந்து நாள் வாட்ச்மேன் தாத்தா ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு நாள், "பஜனைக்கா தம்பி? எந்தக் கோயில்?" என்றார். லேபுக்குப் போகிறேன் தாத்தா என்றேன். சிரித்தார். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் உண்மை அதுதான். ஏசி இல்லாத எங்கள் சென்னை லேபில், வருடத்தில் அந்த ஒரு மாதத்தில், விடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில்தான் என் சோதனையை உருப்படியாகச் செய்ய முடிந்தது.

காரணம் ஒரு தாள். திரவப் படிகம் பூசிய தாள். சூட்டுக்குத் தக்க நிறம் மாறும். காய்ச்சலுக்கு நெற்றியில் ஒட்டிப் பார்க்கும் பட்டையிலும், மீன் தொட்டியின் கண்ணாடியில் ஒட்டும் வெப்பமானியிலும் இருப்பது இதே சரக்குதான். நாங்கள் படித்த ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் குளிர்நாட்டு லேபுகளில் எழுதப்பட்டவை. அங்கே அறை வெப்பம் 20 டிகிரி. அவர்கள் 35 டிகிரியில் நிறம் காட்டும் தாளை வாங்கியிருந்தார்கள், நாங்களும் அதையே வாங்கினோம். பார்சல் வந்தது மே மாதம். பிரித்து மேசைமேல் வைத்ததுதான் தாமதம், தாள் தானாகப் பச்சை பிடித்தது. நாங்கள் எந்தச் சூடும் காட்டவில்லை. அறையே அந்தச் சூட்டில்தான் இருந்தது.

சார் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "ஊருக்கு ஏத்த மாதிரி வாங்கியிருக்கணும்பா" என்றார். இன்னொரு தாள் வாங்க இன்னொரு கோப்பு நகர வேண்டும். கோப்பு நகர்வதைவிட மார்கழி சீக்கிரம் வந்துவிடும் என்று காத்திருந்தோம்.

நான் அளக்க முயன்றது டர்பைன் பிளேடுக்குள் (சூடான வாயு தள்ளிச் சுழற்றும் சக்கரத்தின் இதழ்) ஓடும் குளிர்காற்றை. விமான எஞ்சினில் எரிகலனிலிருந்து வெளியேறும் வாயுவின் சூடு 1,500 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். அதன் எதிரே முதல் வரிசையில் நிற்கும் பிளேடு நிக்கல் கலப்புலோகம், 1,300-ஐ ஒட்டிய சூட்டிலேயே உருகத் தொடங்கும். அதாவது, தான் உருகும் சூட்டைவிட அதிகமான சூட்டில் நின்றுகொண்டு, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றி, தன்னை வெளியே பிய்த்தெறியப் பார்க்கும் விசையையும் அது தாங்க வேண்டும். தாங்குவதற்குக் காரணம், பிளேடின் உள்ளே பொள்ளலாக விட்டிருக்கும் பாதைகளில் ஓடும் காற்று. எஞ்சினின் முன்பக்கக் கம்ப்ரஸரிலிருந்தே அதைப் பிரித்தெடுக்கிறார்கள். அழுத்தி அழுத்தி அந்தக் காற்றே 600 டிகிரிக்கு மேல் சூடேறியிருக்கும். 600 டிகிரிக் காற்றைக் கூச்சமில்லாமல் 'குளிர்காற்று' என்று சொல்கிற துறை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அந்தக் காற்றும் இலவசம் இல்லை. நவீன எஞ்சின்களில், எரிகலனுக்குப் போக வேண்டிய காற்றில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இப்படிக் குளிர்விக்கவே போய்விடுகிறது. எரிபொருள் செலவழித்து அழுத்திய காற்று அது. குறைவாக எடுத்தால் பிளேடு போகும், கூடுதலாக எடுத்தால் மைலேஜ் போகும். உலோகத்தின் சூட்டைக் கணிப்பதில் 30 டிகிரி பிசகினால் பிளேடின் ஆயுள் பாதியாகிவிடும் என்று இந்தத் துறையில் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். 1,000 டிகிரியை ஒட்டிய சூட்டில் 30 டிகிரி என்பது எவ்வளவு சின்னப் பிசகு என்று யோசித்துப் பாருங்கள்.

உள்ளே பொள்ளலாக விடும் யோசனை பழையது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் மெசர்ஷ்மிட் 262 விமானத்தில் இருந்த யூமோ 004 எஞ்சினுக்கு நிக்கலும் கோபால்ட்டும் தாராளமாகக் கிடைக்கவில்லை. எனவே குறைந்த தரத் தகட்டை மடித்துப் பொள்ளலான பிளேடு செய்து, உள்ளே காற்றை ஊதினார்கள். அப்படியும் அந்த எஞ்சின் பத்து இருபது மணி நேரத்துக்கு மேல் ஓடினால் பெரிய விஷயம். இன்றைய பிளேடு மடித்த தகடு அல்ல, வார்ப்பு. சுவாமிமலை ஸ்தபதிகள் சிலை வார்க்கும் அதே மெழுகு முறைதான் அடிப்படை: மெழுகில் உருவம், அதன்மேல் பூச்சு, மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகம். ஒரு வித்தியாசம், சுவாமிமலையில் உள்ளே பொள்ளல் இல்லாத கனவார்ப்பு. பிளேடுக்கோ மெழுகுக்குள்ளேயே பீங்கானில் செய்த ஒரு கரு இருக்கும். உலோகம் இறுகியதும் காரக் கரைசலில் அந்தக் கருவைக் கரைத்து எடுத்துவிடுவார்கள். கரு இருந்த இடம் காற்றுப் பாதை. பிளேடு முழுவதையும் ஒற்றைப் படிகமாக வார்ப்பது இன்னும் ஒரு படி மேலே. 2021 ஏப்ரலில் பாதுகாப்புத் துறையின் உலோக ஆய்வகமான ஹைதராபாத் டிஎம்ஆர்எல், ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக அப்படி 60 பிளேடுகளை விமானம் கட்டும் எச்ஏஎல் நிறுவனத்துக்குக் கொடுத்தது செய்தியாக வந்தபோது, சம்பந்தமே இல்லாத நான் வீட்டில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிப் போனேன். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

சரி, உள்ளே பாதை எப்படி இருக்கும்? பிளேடின் முன்விளிம்பில் சின்னத் துளைகள் வழியாகக் காற்றைப் பீய்ச்சி உள்சுவரில் அறைய விடுவார்கள். பின்விளிம்பு மெல்லியது என்பதால் அங்கே குட்டிக் குட்டித் தூண்கள். நடுவில் பாம்பு வளைந்த மாதிரி மேலே போய், திரும்பி, கீழே வந்து, மறுபடி மேலே போகும் பாதை. அந்தப் பாதையின் சுவர்களில் குறுக்கே வரிசையாகச் சின்ன மேடுகள். எஞ்சினியர்கள் ரிப் என்பார்கள். நான் வரப்பு என்றே சொல்லிப் பழகிவிட்டேன். சார்கூட ஒரு தடவை வாய்தவறி, வெளியூர்ப் பேராசிரியரிடம் ஆங்கிலத்துக்கு நடுவே "வரப்பு" என்று சொல்லிவிட்டார்.

வரப்பின் வேலை, காற்றைத் தடுக்கி விழச் செய்வது. வழவழப்பான குழாயில் சுவரை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் சோம்பேறியாக நகரும். அது கம்பளி மாதிரி. சுவரின் சூடு அதைத் தாண்டி நடுக்காற்றுக்குப் போகாது. வரப்பில் மோதிய காற்று எகிறிக் குதித்து, வரப்பின் பின்னால் கொஞ்ச தூரம் சுவரைவிட்டு விலகி, மறுபடி சுவரில் வந்து விழுகிறது. விழுகிற இடத்தில் கம்பளி கிழிந்திருக்கும், அங்கே சூடு அள்ளிக்கொண்டு போகும். மறுபடி கம்பளி தடிக்க ஆரம்பிப்பதற்குள் அடுத்த வரப்பு வந்துவிட வேண்டும். அதனால்தான் வரப்பின் உயரத்தைப்போல் பத்து மடங்கு இடைவெளியில் அடுத்த வரப்பை வைப்பது வழக்கம். நெருக்கி வைத்தால் காற்று ஒரு வரப்பின் தலையிலிருந்து அடுத்ததன் தலைக்குத் தாவிவிடும், நடுவில் இறங்கவே இறங்காது. வரப்பால் வெப்பப் பரிமாற்றம் இரண்டு முதல் மூன்று மடங்கு கூடும். உராய்வு அதைவிட அதிகமாகக் கூடும், அந்தக் கணக்கையும் யாராவது கட்டித்தான் ஆக வேண்டும்.

இதையெல்லாம் நிஜ பிளேடில் அளக்க முடியாது. பாதையின் அகலமே சில மில்லிமீட்டர்தான். எனவே எல்லோரும் செய்வதை நாங்களும் செய்தோம்: அக்ரிலிக் பலகையில் ஒரு பெட்டி. 5 செ.மீ. சதுரப் பாதை, அரை மீட்டர் போய், 180 டிகிரி திரும்பி, அரை மீட்டர் வரும். போகிற பாதைக்கும் வருகிற பாதைக்கும் நடுவே ஒரு தடுப்பு. தரைப் பலகையில் ஒரு வழிக்குப் பத்து வீதம் 5 மி.மீ. உயர வரப்புகள். கூரை தெளிவான அக்ரிலிக், அதன்மேல் கேமரா. தடுப்பைக் கூரையோடு ஒட்டியிருந்தோம். திரவப் படிகத் தாள் ஒட்டிய தரைப் பலகையைக் கீழிருந்து திருகு போட்டு மாட்டுவோம். தடுப்பின் அடிவிளிம்புக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய ரப்பர் பட்டை. இந்த ரப்பர் பட்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மடங்கு பெரிய பிளாஸ்டிக் பெட்டி எப்படி பிளேடு ஆகும் என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் சொன்னவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். 1883-இல் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாயில் ஓடும் தண்ணீரில் சாய இழை ஒன்றை விட்டுப் பார்த்தார். இழை எப்போது கலைந்து கலங்கும் என்பது வேகத்தை மட்டும் பொறுத்ததல்ல. வேகம், குழாயின் அகலம், அடர்த்தி மூன்றையும் பெருக்கிப் பாகுத்தன்மையால் வகுத்தால் வரும் எண்ணைப் பொறுத்தது. அந்த எண் ஒன்றாக இருந்தால் பெரிய குழாயும் சின்னக் குழாயும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். எஞ்சினில் காற்று அடர்த்தி, பாதை குறுகல், வேகம் அதிகம். எங்கள் பெட்டியில் காற்று லேசு, பாதை அகலம், எனவே நொடிக்கு 10 மீட்டர் வேகமே போதும், ரெனால்ட்ஸ் எண் 30,000-ஐ நெருங்கிவிடும். நொடிக்கு 10 மீட்டர் என்றால் மணிக்கு 36 கி.மீ. ஸ்கூட்டரில் போகும்போது முகத்தில் அடிக்கிற காற்று. நெருப்பும் இல்லை, சத்தமும் அவ்வளவாக இல்லை. ஜெட் எஞ்சின் ஆராய்ச்சி என்று நம்பி வந்து பார்த்த என் சித்தப்பா, "இதுக்கா ரெண்டு வருஷம்?" என்றார்.

திரவப் படிகத்தைக் கண்டவர் தாவரவியலாளர். ஃப்ரீட்ரிக் ரைனிட்சர், 1888-இல், பிராகில், கொலஸ்ட்ரால் சார்ந்த ஒரு பொருளை உருக்கிக்கொண்டிருந்தார். அது 145 டிகிரியில் உருகிப் பால்போலக் கலங்கி நின்றது. 178-ஐத் தாண்டியதும் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலை எப்படி என்று குழம்பி, அவர் ஓட்டோ லேமன் என்ற இயற்பியலாளருக்குக் கடிதம் எழுத, திரவமும் அல்லாத படிகமும் அல்லாத இந்த நிலைக்குப் பெயர் வந்தது. நூறு வருடம் கழித்து, 1980-களில், ஆக்ஸ்ஃபோர்டில் டெர்ரி ஜோன்ஸ், பீட்டர் அயர்லாந்து போன்றவர்கள் இதை டர்பைன் வேலைக்கு ஒழுங்காகப் பயன்படுத்தும் வழியைக் கண்டார்கள்.

வழி சுலபம்தான். பெட்டி முழுக்க 24 டிகிரியில் இருக்கும். சட்டென்று 60 டிகிரிக் காற்றைத் திறந்துவிடுவோம். (எஞ்சினில் சுவர் சூடு, காற்று குளிர்; இங்கே தலைகீழ். கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.) காற்று எங்கே சுவரை நன்றாகத் தொடுகிறதோ அங்கே தாள் சீக்கிரம் 35 டிகிரியை எட்டி நிறம் காட்டும். எங்கே தொடவில்லையோ அங்கே கறுப்பாகவே கிடக்கும். முதலில் சிவப்பு, அடுத்து பச்சை, கடைசியில் நீலம். சூடு கூடக்கூட நீலம் என்பது குளியலறைக் குழாய் பார்த்து வளர்ந்த நமக்குக் கொஞ்ச நாள் உறுத்தும். ஒவ்வொரு புள்ளியும் எத்தனையாவது நொடியில் பச்சையானது என்று வீடியோவில் எண்ணினால் போதும், அந்தப் புள்ளியின் வெப்பப் பரிமாற்ற எண் கிடைத்துவிடும். அக்ரிலிக் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும், எனவே அந்த அரை நிமிடத்துக்குப் பலகை முடிவே இல்லாத தடிமன் கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். பரிமாற்றம் இரு மடங்கானால் நேரம் நாலில் ஒன்றாகும். வரப்புக்குப் பின்னால் காற்று வந்து விழுகிற இடம் நாலைந்து நொடியில் பச்சையாகும். மூலைகள் அரை நிமிடம் ஆனாலும் பச்சை பிடிக்காது.

ஆக, மொத்தச் சோதனையே முப்பது நொடி. அதற்குத் தயாராக ஒன்றரை மணி நேரம். ஒரு தடவை ஓட்டினால் பெட்டி சூடாகிவிடும், மறுபடி 24 டிகிரிக்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். ஆறுவதற்குள் சூரியன் வந்துவிடுவான். ஒரு விடியலுக்கு ஒரு ஓட்டம், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. ஃபிளாஸ்க் அதற்காகத்தான்.

அந்தக் கோட்டைப் பார்த்தது ஒன்பதாவதோ பத்தாவதோ ஓட்டத்தில். திரும்பி வரும் பாதையில், தடுப்பின் அடியை ஒட்டி, ஒரு சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு பச்சைக் கோடு. சுற்றிலும் எல்லாம் கறுப்பாக இருக்க, இரண்டாவது நொடியிலேயே அது மட்டும் பளிச்சென்று வந்தது. அதுவும் மூலையில்! மூலை என்பது காற்று போகவே போகாத இடம். படித்த கட்டுரை எதிலும் அந்த இடத்தில் அப்படி ஒன்று இல்லை.

எனக்குக் கை நடுங்கியது. 180 டிகிரி திருப்பத்தில் காற்று வெளிச்சுவர்ப் பக்கம் ஒதுங்குவதால் இரட்டைச் சுழிகள் பிறக்கும். டீன் என்பவர் 1920-களில் வளைந்த குழாய்களுக்குக் கணக்குப் போட்டதால் அவற்றுக்கு அவர் பெயர். அதில் ஒரு சுழி வரப்புகளோடு சேர்ந்து தடுப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது, இதுவரை யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்துவிட்டேன். ஒரே காலையில் இத்தனையும் மனசுக்குள் எழுதியாகிவிட்டது. ஆறு மணிக்கு சாருக்குப் போன் செய்தேன். அவர் பல் விளக்கிக்கொண்டே வந்துவிட்டார்.

அடுத்த இரண்டு மாதம் அந்தக் கோட்டை வைத்து நாங்கள் செய்த ஆராய்ச்சியை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சார் எச்சரிக்கையானவர், வேறு ஒரு முறையிலும் உறுதி செய்யணும் என்றார். நாப்தலின் முறை என்று ஒன்று உண்டு. நாப்தலினை உருக்கி வார்த்துத் தரைப் பலகை செய்து, அதன்மேல் காற்றை ஓட்டினால், சூடு போகிற கணக்கிலேயே நாப்தலின் ஆவியாகிக் கரையும். எங்கே குழி அதிகமோ அங்கே பரிமாற்றம் அதிகம். அந்துருண்டைதானே என்று நான் மளிகைக் கடையில் போய் ஒரு கிலோ வாங்கி வந்தேன். இப்போது விற்கிற உருண்டைகளில் பல நாப்தலினே இல்லை, வேறு ரசாயனம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒழுங்கான சரக்கை வாங்கி வார்த்தோம். சூடு ஒரு டிகிரி மாறினாலே அதன் ஆவியழுத்தம் பத்து சதவீதம் மாறும், எனவே மறுபடி விடியற்காலை. ஒரு மாதத்துக்கு என் சட்டை, தலையணை, சோறு எல்லாம் பாட்டி வீட்டு பீரோ வாசனை. ஆனால் பலகையில் அதே இடத்தில், அதே அகலத்தில் பள்ளம் விழுந்திருந்தது. இரண்டு முறைகள், ஒரே விடை. இதற்குமேல் என்ன வேண்டும்?

கம்ப்யூட்டரில் ஓட்டத்தைக் கணக்கிடும் நண்பன் ஒருவன் எங்கள் பெட்டியைப் போட்டுப் பார்த்தான். அவன் படத்தில் கோடு இல்லை. நாங்கள் கவலைப்படவில்லை. கம்ப்யூட்டரில் கொந்தளிப்பைக் கணிக்கும் சூத்திரங்கள் இப்படிப்பட்ட திருப்பங்களில் சறுக்கும் என்பது ஊரறிந்த சங்கதி. "உன் மாடல் சரியில்லடா" என்று அவனைக் கேலி செய்துவிட்டு, ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினோம். அவன் பாவம், ஒரு வாரம் தூங்காமல், கணக்குக்காகப் பெட்டியைக் கூறுபோடும் வலையைச் சிறிதாக்கிச் சிறிதாக்கிப் பார்த்தான். கோடு வரவே இல்லை.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. சுழி திருப்பத்தில் பிறக்கிறது என்றால் திருப்பத்தருகே பலமாக இருந்து போகப்போகத் தேய வேண்டும். எங்கள் கோடு நேர்மாறு. திருப்பத்தருகே மங்கல், வெளியேறும் வாயருகே பளிச். "ஒவ்வொரு வரப்பும் சுழியை ஊட்டி வளர்க்கிறது" என்று நோட்டில் எழுதி அதற்கும் ஒரு அம்புக்குறிப் படம் போட்டேன். படம் அழகாக வந்திருந்தது.

எங்கள் பட்டறையில் ஒரு ஃபிட்டர் அண்ணன் இருந்தார். பெட்டியை அறுத்து ஒட்டித் தந்ததே அவர்தான். ஒரு நாள் ப்ளோயர் பேரிங் மாற்ற வந்தவர், திரையில் ஓடிய வீடியோவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அது என்ன தம்பி பச்சையா?"

சுழி, டீன், வரப்பு எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"காத்து எந்தப் பக்கம் உள்ள வருது?"

காட்டினேன்.

"எந்தப் பக்கம் வெளிய போகுது?"

அதையும் காட்டினேன். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வாய்கள், நடுவில் தடுப்பு மட்டும். அவர் விரலை அந்த இடத்தில் வைத்தார். கோடு மிகப் பளிச்சென்று இருந்த இடம் அது. "இங்கதான அழுத்தம் ஜாஸ்தி, அங்க கம்மி? நடுவுல என் ரப்பர் மட்டும்தான் இருக்கு. திருப்பத்த அடைச்சிட்டு ஊது பாப்போம்."

சைக்கிள் ட்யூபைக் கத்தரித்து, மரக்கட்டையில் சுற்றி, திருப்பத்துக்குள் இறுக்கி அடைத்தார். இனி போகிற பாதையில் ஊதினால் வருகிற பாதையில் ஒன்றும் வரக்கூடாது. ப்ளோயரைக் குறைவாக ஓட்டி, உள்ளே போகும் வாயில் ஊதுபத்தி ஒன்றைப் பிடித்தார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். முதல் பாதை புகையால் நிறைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தடுப்பின் அடியிலிருந்து, பாதி நீளத்துக்கு, நூல் பிடித்த மாதிரி ஒரு மெல்லிய புகைப்படலம் மறுபக்கம் பீறிட்டுத் தரையில் படர்ந்தது. அதன் அகலம் என் சுண்டுவிரல் அகலம்தான்.

பஞ்சர் கடையில் தண்ணீர்த் தொட்டிக்குள் ட்யூபை முக்கியதும் குமிழி வருமே, அதைப் பார்க்கிற முகத்தோடு அண்ணன் என்னைப் பார்த்தார்.

திருகின் இறுக்கத்தில் மாதக்கணக்காக நசுங்கிக் கிடந்த ரப்பர், வாயருகே தட்டையாகி இறுகிவிட்டது. இடுக்கு அரை மி.மீ. கூட இருக்காது. இரண்டு வாய்களுக்கும் நடுவே அழுத்த வித்தியாசம் தண்ணீர் மட்டத்தில் இரண்டு செ.மீ. சொச்சம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வித்தியாசமே இடுக்கு வழியாகக் காற்றைப் பாதையில் ஓடுவதைவிட அதிக வேகத்தில் தள்ளப் போதும். அது நேராகத் தரையை உரசிக்கொண்டு அடிக்கிறது. இரண்டாவது நொடியில் பச்சையாகாமல் என்ன செய்யும்? நாப்தலினும் அதே பெட்டியில், அதே தடுப்பின் கீழ்தான் கரைந்தது. தரையை மட்டும்தான் மாற்றியிருந்தோமே தவிர ரப்பரை மாற்றவில்லை. கோடு வராத ஒரே இடம் நண்பனின் கம்ப்யூட்டர். அவன் தடுப்பில் இடுக்கு இல்லை.

அவனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். நாலு நொடி மௌனம். அப்புறம் நான் இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தை சொன்னான். சார் அன்றைக்கே கருத்தரங்குக்கு எழுதிச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

அந்தச் சமயத்தில் எனக்கு ஸ்டான்ஃபோர்டுக்காரர்கள்மேல் பெரும் பொறாமை. ஜான் ஈட்டன், கிறிஸ் எல்கின்ஸ் குழுவினர் பிளேடின் உட்பாதையை முப்பரிமாண அச்சில் பிளாஸ்டிக்கில் ஒரே துண்டாக எடுத்து, அதில் கான்ட்ராஸ்ட் மருந்து கலந்த தண்ணீரை ஓடவிட்டு, எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் ஓட்டத்தின் வேகத்தை மூன்று திசையிலும் எடுத்துவிட்டார்கள். 2003-இலேயே கட்டுரை வந்துவிட்டது. ஒரே துண்டு, ரப்பர் கிடையாது. எங்கள் ஊரில் முழங்கால் வலிக்கே எம்ஆர்ஐ எடுக்க மூன்று நாள் காத்திருக்க வேண்டும், பிளாஸ்டிக் பிளேடுக்கு யார் இடம் தருவார்கள்?

அண்ணன் பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்து, சைக்கிள் ட்யூபிலேயே பட்டை கத்தரித்து, மேலே சிலிக்கான் தடவி, திருகுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்கினார். இனி ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் திருப்பத்தை அடைத்து ஊதுபத்தி காட்டிப் பார்க்கணும் என்று சொல்லிவிட்டார். மார்கழி முடிந்து தை பிறந்து, மாசியும் வந்துவிட்டது. அறை 26 டிகிரி. இன்னும் பத்து நாள் போனால் அந்த வருடம் அவ்வளவுதான்.

மறுநாள் விடியற்காலை அண்ணனும் கூட வந்தார். வாட்ச்மேன் தாத்தா எங்கள் இருவரையும், அண்ணன் கையில் இருந்த ஊதுபத்திக் கட்டையும் பார்த்துவிட்டு, தான் முதலில் நினைத்ததுதான் சரி என்பதுபோலத் தலையாட்டினார்.

வால்வைத் திறந்தோம். வரப்புகளுக்கு நடுவே பிறைபிறையாகப் பச்சை மலர்ந்தது. திருப்பத்தின் வெளிச்சுவரில் காற்று மோதும் இடம் மூன்றாவது நொடியில் வந்தது. தடுப்பின் அடி கறுப்பு. பத்து நொடி, கறுப்பு. பதினெட்டு, பத்தொன்பது நொடியில் சோம்பல் முறித்துக்கொண்டு மெல்லச் சிவந்தது. மற்றவர்கள் கட்டுரைகளில் எப்படி இருக்கிறதோ அப்படியே. புதிதாக ஒன்றும் இல்லை. என் ஆய்வேட்டில் இருப்பது அந்த வரைபடங்கள்தான்.

டீ குடிக்கும்போது அண்ணன் கேட்டார். "நெசத்துல பிளேடு சுத்தும்ல? இது சும்மா நிக்குதே."

அதே கேள்வியைத்தான் பிறகு வாய்மொழித் தேர்விலும் கேட்டார்கள், இவ்வளவு பளிச்சென்று இல்லை. ராட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு பந்தை வெளியே உருட்டினால் அது நேராகப் போகாமல் ஒரு பக்கம் வளையுமே, அதுபோல் சுற்றும் பிளேடுக்குள் வெளிநோக்கிப் போகும் காற்று பின்பக்கச் சுவரில் ஒதுங்கும். முன்பக்கச் சுவர் பட்டினி கிடக்கும். திரும்பி உள்நோக்கி வரும்போது இது அப்படியே மாறும். கொரியோலிஸ் விசை. அமெரிக்காவில் வாக்னர், ஜான்சன் குழுவினர் 1980-களில் நாசா திட்டத்துக்காகச் சுற்றும் பாதையிலேயே இதை அளந்தார்கள். பட்டினிச் சுவரில் பரிமாற்றம், நின்ற நிலையில் இருப்பதில் பாதிக்கும் கீழே இறங்குவதுண்டு. அதாவது நிற்கிற பெட்டியில் நான் எடுத்த எண்கள் ஒரு சுவருக்கு ரொம்பத் தாராளம், இன்னொரு சுவருக்கு ரொம்பக் கஞ்சம். எங்களிடம் சுற்றும் ரிக் (சோதனை அமைப்பு) இல்லை, அதற்குக் காசும் இல்லை. இதையெல்லாம் டீக் கடை பெஞ்சில் கையைச் சுற்றிச் சுற்றி விளக்கினேன். அண்ணன் பஜ்ஜியைத் தின்றுகொண்டே கேட்டார்.

"சரி தம்பி, நெச பிளேடுல இந்தத் தடுப்பு எப்படி ஒட்டுவாங்க? அங்கயும் ஒழுகுமா?"

"ஒட்ட மாட்டாங்கண்ணே. எல்லாம் சேர்த்து ஒரே வார்ப்பு. தடுப்பும் சுவரும் ஒண்ணுதான்."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப ரெண்டு மாசமா, பிளேடுலயே இல்லாத ஒரு ஓட்டைக்கு நீயும் உங்க சாரும் பேரு வச்சிட்டு இருந்தீங்களா?"

டீக்காரர் சத்தமாகச் சிரித்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியவில்லை. அண்ணன் இரண்டு டீக்கும் நாலு பஜ்ஜிக்கும் என்னைக் காசு கொடுக்கச் சொல்லிவிட்டுப் பட்டறையைத் திறக்கப் போனார்.